சுமைகூலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்!

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் பெரியவர்கள் சொல்லிவைத்த பழமொழி. மளிகைக் கடைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேறில்லை. சரக்கின் விலைக்கு மேல் வண்டி வாடகையும் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் ஏறிவிட்டால் வியாபாரம் நிற்காது. ஆகவே கூலியைப் பேசிக் குறைப்பது நம் தொழிலோடு கூடவே வந்த பழக்கம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தப் பழமொழி எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது. துவரம் பருப்பு மூட்டை வண்டியிலிருந்து விழுந்தால் சாக்கு கிழியும். பருப்பை அள்ளி வேறு சாக்கில் கட்டிக் கொள்ளலாம். முக்கால் டன் எடையுள்ள ஓர் எண்ணெய்ச் செக்கு சரிந்தால் அள்ளிக் கட்ட முடியாது. இயந்திரமும் போகும், கீழே நிற்கும் மனிதனின் காலும் போகும், சில வேளைகளில் உயிரும் போகும். பழைய கனரக இயந்திரத்தை ஊருக்குக் கொண்டுவரும் வேலையில் மட்டும் சுமைகூலியை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வணிக அன்பர்கள் பொறுமையுடன் படித்து, தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

ஏன் இந்தப் பேச்சு?

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம், சுரண்டை என்று நம் வட்டாரத்தில் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும், மளிகைக் கடையோடு சேர்ந்த மாவு மில், மிளகாய் மல்லி அரைக்கும் மில், செக்கு எண்ணெய்க் கூடம் ஆகியவற்றைக் காணலாம். பாக்கெட் மசாலாவும் பாக்கெட் எண்ணெயும் பெரிய அங்காடிகளில் குவிந்து கிடக்கும் காலத்தில், "கண் முன்னால் அரைத்துத் தருகிறோம், கண் முன்னால் ஆட்டித் தருகிறோம்" என்பதுதான் சிறு கடைக்காரர் கையில் மிஞ்சியிருக்கும் ஆயுதம். வாடிக்கையாளர் மல்லி அரைக்க வந்தால், கூடவே உப்பும் புளியும் வாங்கிப் போகிறார்.

புது இயந்திரம் வாங்க எல்லோராலும் முடிவதில்லை. ஆகவே கோவை, மதுரை, ராஜபாளையம் பக்கமிருந்தும், மலைக்கு அந்தப்புறம் புனலூர், கொல்லம் பக்கமிருந்தும் பழைய இயந்திரங்களை விசாரித்து வாங்குகிறோம். செக்கும் மாவு மில்லும் மட்டுமல்ல; கடைக்குப் பின்னால் மகன் பட்டறை போடுகிறான் என்று கடைசல் இயந்திரமாகிய லேத்தைத் தேடுகிறவர்களும் உண்டு. இவற்றை வாங்கும்போது மோட்டார் ஓடுகிறதா, பல்சக்கரம் தேய்ந்திருக்கிறதா, தாங்கி உருளையில் சத்தம் வருகிறதா என்றெல்லாம் நுணுக்கமாகப் பார்க்கிறோம். ஆயிரம் ரூபாய்க்கு அரை நாள் பேரம் பேசுகிறோம். பேரம் முடிந்து முன்பணம் கொடுத்த பிறகு, "எப்படியாவது ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறோம். ஆபத்து அந்த "எப்படியாவது" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

விலை வேறு, அடக்கம் வேறு

அடக்கம் என்றால் என்ன என்று வணிகருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விருதுநகரில் வாங்கிய பருப்புக்கு, நம் கடை வாசலில் இறங்கும் வரை ஆன செலவைச் சேர்த்தால்தான் அடக்க விலை. பருப்புக்குப் போடும் இந்தக் கணக்கை இயந்திரத்துக்கு ஏனோ போடுவதில்லை.

ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். பழைய செக்கு ஒன்றின் விலை ரூ. 80,000. கிரேன் வைத்து ஏற்றி, தகுந்த வண்டியில் கட்டிக் கொண்டுவந்து, இங்கும் கிரேன் வைத்து இறக்கினால் ரூ. 15,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆட்களை வைத்துக் கடப்பாரையால் நெம்பி, கிடைத்த சிறிய வண்டியில் ஏற்றி வந்தால் ரூ. 7,000-தான். மிச்சம் ரூ. 8,000. பத்துப் பேர் இப்படி மிச்சம் பிடித்தால் மொத்தம் ரூ. 80,000. அந்தப் பத்தில் ஒரே ஓர் இயந்திரம் விழுந்து உடைந்தாலும் பத்துப் பேரின் மிச்சமும் அதோடு சரியாகப் போயிற்று. இதில் ஒருவர் கால் நசுங்கினால் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவும், அவர் குடும்பம் படும் பாடும் எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாதவை.

ஆகவே முதல் விதி இது: ஏற்றி இறக்கும் செலவை முதலில் விசாரியுங்கள், பிறகு இயந்திரத்துக்கு விலை பேசுங்கள். கிரேன் வண்டி நுழைய முடியாத சந்துக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்பதுதான் நியாயம். "ஏற்றிக் கொடுப்பது விற்பவர் பொறுப்பா, வாங்குபவர் பொறுப்பா?" என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

வார்ப்பிரும்பின் குணம்

பழைய இயந்திரங்களின் உடல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. பார்க்கப் பலமாகத் தெரியும்; ஆனால் அதன் குணம் வேறு. எஃகு அடிபட்டால் வளையும். வார்ப்பிரும்பு அடிபட்டால் வெடிக்கும். அழுத்தத்தை நன்றாகத் தாங்கும் அது, இழுப்பையும் திடீர் அடியையும் தாங்காது. அரை அடி உயரத்திலிருந்து ஒரு மூலையில் விழுந்தால் போதும், கால் பகுதி விண்டுவிடும். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்து ஒட்டுவதும் எளிதல்ல. முறையாகச் சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டுச் செய்யாவிட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும்.

எடையையும் கண்ணளவில் மதிப்பிட்டு ஏமாறக் கூடாது. ஒரு கன அடி வார்ப்பிரும்பு ஏறத்தாழ 200 கிலோ. நான்கு அரிசி மூட்டை எடை ஒரு சிறு பெட்டி அளவுக்குள் அடங்கிவிடுகிறது! இயந்திரத்தின் பெயர்ப் பலகையில் எடை போட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அருகிலுள்ள எடை மேடையில் வண்டியை வெறுமையாக ஒரு முறை, ஏற்றிய பின் ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிடலாம். அதற்கு ஆகும் கட்டணம் நமக்கு ஒரு பொருட்டே அல்ல.

எடை எந்தப் பக்கம் கூடுதல் என்பதும் முக்கியம். லேத் என்றால் மோட்டாரும் பல்சக்கரங்களும் உள்ள தலைப் பக்கம் கனம். எண்ணெய் எக்ஸ்பெல்லர் என்றால் கியர் பெட்டிப் பக்கம் கனம். துளை போடும் இயந்திரம் போன்றவற்றில் கனம் மேலே இருக்கும், அடி குறுகல், லேசாகச் சாய்ந்தாலே தலைகுப்புற விழும். நடுவில் கயிற்றைப் போட்டுத் தூக்கினால் இயந்திரம் நேராக எழும்பும் என்று நினைப்பது தவறு.

கழற்ற வேண்டியதைக் கழற்றுங்கள்

1904-ஆம் ஆண்டு கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலை வழியாக ரயில் பாதை திறக்கப்பட்டது. மலைப் பகுதி வேலை முடியும் முன்பே கொல்லம் பக்கத்தில் வண்டி ஓட வேண்டியிருந்தது. அதனால் ரயில் எஞ்சினைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தூத்துக்குடியிலிருந்து கடல் வழியாகக் கொல்லத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். ரயில் எஞ்சினையே பிரித்துக் கொண்டுபோனார்கள் என்றால், ஒரு செக்கை ஏன் அப்படியே தூக்க வேண்டும்?

மோட்டார், புல்லி, பெல்ட், தீனி போடும் தொட்டி, ஸ்டார்ட்டர் பெட்டி இவற்றை முதலில் கழற்றிவிட்டால் பாதிக் கவலை தீரும். எடை குறையும், நீட்டிக் கொண்டிருக்கும் உறுப்பு உடையாது. லேத்தில் நகரும் பகுதிகளை இறுக்கிப் பூட்டிவிட வேண்டும், அல்லது கழற்றி விட வேண்டும். கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர்களுக்கு எண் எழுதி ஒட்டுங்கள். போல்ட், நட்டுகளை அந்தந்த உறுப்பின் பெயர் எழுதிய தனித்தனிப் பையில் போடுங்கள். சரக்குக்குச் சீட்டு எழுதி ஒட்டும் நமக்கு இது புதிய வேலை அல்ல. கியர் எண்ணெயை வடித்துவிட்டால் வழியில் சிந்தி வண்டித் தளம் வழுக்காது.

தூக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒரே ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோ இயந்திரத்தை இரண்டு பெல்ட் போட்டுத் தூக்குகிறோம். பெல்ட்டுகள் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கினால் போதும். பெல்ட் சரிந்து, தரைமட்டத்துக்கு 60 டிகிரி கோணத்தில் நின்றால் ஒவ்வொன்றிலும் 577 கிலோ இழுக்கும். 45 டிகிரியில் 707 கிலோ. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு 1,000 கிலோவைத் தாங்க வேண்டும்! "இரண்டு பெல்ட் இருக்கிறது, பாதி பாதி தாங்கும்" என்று நினைத்துக் குட்டையான பெல்ட்டைப் போடுவதால்தான் அறுந்து விழுகிறது. நீளமான பெல்ட்டைப் போடுங்கள். அது செங்குத்துக்கு எவ்வளவு நெருக்கமாக நிற்கிறதோ அவ்வளவு நல்லது. கூரான விளிம்பு படும் இடத்தில் பழைய டயர்த் துண்டையோ மடித்த சாக்கையோ வையுங்கள்.

மண் அள்ளும் வண்டியின் வாளியில் சங்கிலியை மாட்டி இயந்திரத்தைத் தூக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வாளியின் பல்லில் மாட்டிய சங்கிலி எப்போது வழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. கொக்கியும் பூட்டும் உள்ள கிரேனுக்கு அது ஒருக்காலும் ஈடாகாது. அந்தக் கிரேன் வந்தாலும், மேலே போகும் மின்கம்பிகளைப் பார்க்காமல் கையை உயர்த்தக் கூடாது. நம் கடைத்தெருக்களில் கம்பிகள் தலைக்கு மேலேயே தொங்குகின்றன. வாறுகால் மேல் போட்ட மூடிக் கல்லில் கிரேனின் காலை ஊன்றுவதும் ஆபத்து. மனிதர் நடக்கப் போட்ட கல் கிரேனைத் தாங்காது.

தூக்கிய இயந்திரத்துக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் ஆள் நிற்கக் கூடாது. கையால் தள்ளி நேராக்கப் பார்க்கக் கூடாது. கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்துத் திருப்ப வேண்டும். சரியத் தொடங்கிய இயந்திரத்தைப் பிடிக்க ஓடாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். இரும்பை மறுபடி வாங்கலாம்.

வண்டியும் கட்டும்

2005-க்குப் பிறகு "குட்டி யானை" வந்ததும் சிறு வணிகருக்குப் பெரிய உதவி. ஆனால் பெயரில் யானை இருப்பதால் யானைச் சுமை ஏற்றலாம் என்று பொருள் அல்ல. ஒவ்வொரு வண்டியின் பதிவுச் சான்றிலும் வெற்று எடை, சுமையுடன் மொத்த எடை என இரண்டு எண்கள் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏற்றத்தக்க சுமை. அதற்கு மேல் ஏற்றினால் பிரேக் பிடிக்காது, டயர் வெடிக்கும் என்பது ஒருபுறம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் ரூ. 20,000, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. வண்டிக்கு வெளியே சுமை நீட்டிக்கொண்டிருந்தாலும் ரூ. 20,000. மிச்சம் பிடித்த ரூ. 8,000 எங்கே, இந்த அபராதம் எங்கே!

இயந்திரத்தை இரும்புத் தளத்தில் நேரடியாக வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள இரும்பு இரும்பின் மேல் வழுக்கும். கனமான மரச் சட்டத்தில் இயந்திரத்தைப் போல்ட் போட்டு இறுக்கி, அந்தச் சட்டத்தின் கீழ் ரப்பர் விரிப்பைப் போட்டு நிறுத்த வேண்டும். கனமான பக்கம் கேபினை நோக்கி இருக்கட்டும். சட்டத்தின் நான்கு பக்கமும் மரக்கட்டை வைத்து அடைத்துவிட்டால் நகராது.

கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறும் நைலான் கயிறும் போதாது. நைலான் கயிறு இழுபடும்; பத்து கிலோமீட்டர் போனதும் தளர்ந்துவிடும். இறுக்கும் கைப்பிடியுள்ள ராட்செட் பெல்ட் அல்லது சங்கிலிதான் வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் சுமை கட்டுவதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: கட்டு, முன்பக்கமாகச் சுமையின் எடையில் பத்தில் எட்டுப் பங்கையும், இரு பக்கவாட்டிலும் பின்பக்கமும் பத்தில் ஐந்து பங்கையும் தாங்க வேண்டும். அதாவது 1,000 கிலோ இயந்திரம், ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் 800 கிலோ விசையோடு கேபினை முட்டப் பார்க்கும். நம் கட்டு அதைத் தாங்குமா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். புறப்பட்டு 15, 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, ஒவ்வொரு கட்டையும் மறுபடி இறுக்குவது அவசியம்.

வண்டியில் இடம் இருக்கிறதே என்று இயந்திரத்தோடு மளிகை மூட்டைகளையும் ஏற்றிவரும் ஆசை நமக்கு உண்டு. கட்டு தளர்ந்தால் மூட்டையும் கிழியும். கியர் எண்ணெய் பட்ட அரிசியை யாரும் வாங்க மாட்டார்கள். அந்த ஒரு நடையில் இயந்திரம் மட்டும் வரட்டும்.

நம் பாதையும் நம் பருவமும்

கேரளப் பக்கமிருந்து வரும் சுமைக்கு ஆரியங்காவு கணவாயும் புளியரை வளைவுகளும் உண்டு. 2024 பிப்ரவரி 25 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று புளியரை "எஸ்" வளைவுப் பகுதியில் சாலையை விட்டுக் கவிழ்ந்து, பகவதிபுரம் அருகே ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். அருகில் குடியிருந்த வயதான தம்பதியர் டார்ச் விளக்கோடு ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழக அரசு அவர்களுக்கு ரூ. 5 லட்சம் பரிசளித்துப் பாராட்டியது. அந்த விபத்துக்குக் காரணம் எதுவாயினும், இறக்கமும் வளைவும் சேர்ந்த அந்த இடத்தில் சுமை வண்டிக்கு எந்தத் தவறும் மன்னிக்கப்படாது என்பதை நம் ஊர்க்காரர்கள் கண்ணால் கண்டோம். பிளைவுட்டாவது வண்டித் தளம் முழுவதும் பரவிக் கிடக்கும் சுமை. நம் இயந்திரம் ஒரே இடத்தில் குவிந்த சுமை. உயரமாக நின்றால் வளைவில் வண்டியையே இழுத்துக்கொண்டு சாயும். ஆகவே இரவுப் பயணம் வேண்டாம். விடிந்த பிறகு கணவாயைக் கடக்கும்படி நேரத்தைத் திட்டமிடுங்கள்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன். சாரல் இன்பமானதுதான், ஆனால் மழை பட்ட மரப்பலகையில் இயந்திரம் வழுக்கும், பளபளப்பாகக் கடைந்த பகுதிகளில் ஓரிரவிலேயே துரு ஏறும். வாங்கிய இடத்திலேயே அப்பகுதிகளுக்குக் கிரீஸ் தடவி, தார்ப்பாய் போட்டு மூடிக் கட்ட வேண்டும். சீசனில் சனி, ஞாயிறுகளில் தென்காசி - குற்றாலம் சாலையில் கிரேனை நிறுத்தி இறக்க நினைப்பதே தவறு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலை பக்தர்களின் வண்டிகள் செங்கோட்டை வழியே திரளும். இந்த நாட்களைத் தவிர்த்து, வார நாளில், காலையில் இறக்கும்படி ஏற்பாடு செய்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

வண்டியின் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள்

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். இயந்திரம் ஆடாமல் பிடித்துக்கொள்ளட்டும் என்று இரண்டு சுமைத் தொழிலாளர்களைப் பின்னால் ஏற்றி வருகிறோம். 800 கிலோ விசையோடு நகரும் இரும்பை இரண்டு மனிதர்கள் பிடித்து நிறுத்துவார்களா? இயந்திரத்துக்கும் கேபினுக்கும் நடுவில் அவர்கள்தான் நசுங்குவார்கள்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கோ காப்பீடு உண்டு. ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறி வரும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நாம் கூலிக்கு அழைத்து வந்து பின்னால் ஏற்றிய தொழிலாளி இதில் எந்தப் பக்கம் என்ற வழக்கு, அவர் குடும்பம் அழுதுகொண்டிருக்கும்போது நடக்கும். அவர்களைப் பஸ்ஸில் அனுப்புங்கள். அல்லது இறக்கும் இடத்தில் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட்டு எவ்வளவு, ஓர் உயிர் எவ்வளவு?

காகிதங்கள்

ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையோடு வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஆகவே கேட்பார் இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். வழியில் எந்த இடத்திலும் அதிகாரிகள் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்குள் நகரும் சரக்குக்கு ரூ. 1 லட்சத்துக்கு மேல் மதிப்பு இருந்தால்தான் இ-வே பில் தேவை. ஆனால் கேரளத்திலிருந்து வரும் சரக்குக்கு ரூ. 50,000-ஐத் தாண்டினாலே தேவை. நமது ரூ. 80,000 செக்கு மதுரையிலிருந்து வந்தால் ஒரு விதி, புனலூரிலிருந்து வந்தால் வேறு விதி.

விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராகவும் வாங்குபவர் பதிவு பெற்றவராகவும் இருந்தால், இ-வே பில் போடும் பொறுப்பு வாங்குபவருடையது. இதைப் பலர் அறிவதில்லை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதன் ஆயுள் கணக்கிடப்படுகிறது. உரிய காகிதம் இல்லாமல் பிடிபட்டால், உரிமையாளர் முன்வந்து விடுவித்துக்கொள்ள, வரியைப் போல் இரு மடங்கு அபராதம். 18 சதவீத வரியுள்ள ரூ. 80,000 இயந்திரத்துக்கு அது ரூ. 28,800. ரசீதில் இயந்திரத்தின் பெயர், தயாரிப்பு எண், மதிப்பு, "பழையது" என்ற குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு "பழைய இரும்பு" என்று எழுதி வாங்குவது வீண் வம்பு.

கேரளத்தில் வாங்குவோர்க்கு இன்னொன்று: வேலை செய்யாமல் பார்த்துக் கொண்டிருப்பதற்குக் கேட்கும் "நோக்குக் கூலி"யை அம்மாநில அரசு 2018 மே 1 முதல் தடை செய்திருக்கிறது. உழைத்தவர்க்கு உரிய கூலியைத் தயங்காமல் கொடுங்கள். மற்றதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

லாரி சர்வீசில் பதிவு செய்து அனுப்பினால், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பொருந்தும். அது 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிப்படி, கூடுதல் பொறுப்புக் கட்டணம் செலுத்தாவிட்டால், சேதத்துக்குச் சர்வீஸ்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்குடன் முடிந்துவிடும். வாடகை ரூ. 3,000 என்றால் அதிகபட்சம் ரூ. 30,000; மீதி நம் தலையில். சேதம் ஏற்பட்டால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்கே போட முடியும். ஆகவே இறக்கும்போதே படம் எடுத்து, சேதத்தை ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

போக்குவரத்துக் காப்பீடு எடுப்பதானால், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். "சி" பிரிவு தீயையும் மின்னலையும் மட்டுமே ஏற்கும். "பி" பிரிவு மோதல், கவிழ்தல் முதலியவற்றையும் சேர்க்கும். "ஏ" பிரிவுதான் பரந்த பாதுகாப்பு. பழைய இயந்திரத்துக்கு எந்தப் பிரிவு தருவார்கள், ஏற்றி இறக்கும்போது ஆகும் சேதம் அதில் அடங்குமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

"நம் தாத்தா காலத்தில் கிரேன் இருந்ததா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கல் செக்கையும் ஆட்டுக்கல்லையும் கையாலேயே கொண்டுவந்தார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உருளைக் கட்டைகளைப் போட்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் பின்னால் ஆப்பு வைத்து, ஒரு மேஸ்திரியின் குரலுக்கு மட்டும் எல்லோரும் கட்டுப்பட்டு, ஒரு நாள் வேலையை மூன்று நாள் செய்தார்கள். அவர்களிடம் கிரேன் இல்லை. ஆனால் அவசரமும் இல்லை. நாமோ அவர்களுடைய கடப்பாரையை எடுத்துக்கொண்டோம், அவர்களுடைய நிதானத்தை விட்டுவிட்டோம்.

இன்றும் கிரேன் நுழையாத இடம் உண்டு. தென்காசிக் கோயிலைச் சுற்றியுள்ள பழைய சந்துகளில் அதுதான் நிலைமை. அங்கே உருளைக் குழாய், ஆப்பு, செயின் பிளாக் இவற்றைக் கொண்டு பழைய முறையில் செய்வதில் தவறில்லை. ஒரே ஒருவர் சொல்ல, மற்றவர் செய்ய வேண்டும். ஆளுக்கொரு பக்கம் கத்தக் கூடாது. பிள்ளைகளும் வேடிக்கை பார்ப்பவர்களும் அருகில் வரக் கூடாது.

சங்கம் செய்யக் கூடியது

ஒரு கடைக்காரர் தம் வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோதான் கனரக இயந்திரம் கொண்டுவருகிறார். அதற்காக அவர் செயின் பிளாக்கும் ராட்செட் பெல்ட்டும் வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. அதனால்தான் அவர் கிடைத்த கயிற்றால் கட்டுகிறார். ஆகவே ஒவ்வொரு ஊர் வணிகர் சங்கமும் ஒரு பொதுத் தளவாடப் பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை: சுமை அளவு குறித்த தூக்குப் பெல்ட்டுகள் இரண்டு ஜோடி, ராட்செட் பெல்ட்டுகள் எட்டு, செயின் பிளாக் ஒன்று, உருளைக் குழாய்கள், ஆப்புகள், ரப்பர் விரிப்புகள், ஒரு நல்ல தார்ப்பாய். திருமணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவதுபோல் உறுப்பினர்களுக்குச் சிறு வாடகைக்கு விடலாம். பெல்ட்டில் நூல் பிரிந்தாலோ வெட்டு விழுந்தாலோ உடனே வெட்டி எறிந்துவிட்டு வேறு வாங்க, அந்த வாடகையே போதும். கூடவே, முறையாகக் கிரேன் ஓட்டுபவர்கள், இயந்திரம் இறக்கி அனுபவமுள்ள மேஸ்திரிகள் ஆகியோரின் பட்டியல் ஒன்றையும் சங்க அலுவலகத்தில் வைத்திருந்தால், அவசரத்தில் யாரும் தெருவில் ஆள் தேட வேண்டியிராது.

கடன் வாங்கியோ நகையை வைத்தோ வாங்கிய இயந்திரம் கடை வாசலுக்குப் பத்திரமாக வந்து சேர வேண்டும். அதை இறக்கியவர்களும் அன்று மாலை கூலியை வாங்கிக்கொண்டு, வந்த கை காலோடு வீடு போய்ச் சேர வேண்டும். இரண்டாவது நடக்காவிட்டால், முதலாவது நடந்தும் பயனில்லை. அடுத்து இயந்திரம் வாங்கப் போகும் அன்பர், முன்பணத்தை எண்ணும் முன் சுமைகூலியை எண்ணிப் பார்ப்பாராக.